அலமாரி மேலிருந்த போத்தல்

போன செவ்வாய்க்கிழமை காலை, தோசைக்கல் அடுப்பில் இருக்கும்போதே செக்கிங் வந்துவிட்டது.

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு... தமிழர் வீடுகளில் குண்டு தேடி வரும் ஒரு சார்ஜன்ட், ஒரு பெண் பொலிஸ், துவக்கோடு இரண்டு ஆமிக்காரர். வீட்டில் உள்ள எல்லாரும் அடையாள அட்டையோடு ஹோலில் வரிசையாக நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் நானும் இவரும்தான். வரிசை சின்னது.

இவரை உங்களுக்குத் தெரியும். ஏ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் கொடுப்பவர். இந்தப் பத்தியில் அடிக்கடி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர்.

அடையாள அட்டை சரி. பொலிஸ் பதிவு சரி. கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், சரி. அப்புறம் ஒரு ஆமிக்காரர் கதிரையில் ஏறி, அலமாரி மேலிருந்து ஒரு போத்தலை எடுத்தார்.

"மேக்க மொகத?" இது என்ன என்று கேட்டார் சார்ஜன்ட்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எல்லா வீடுகளையும்போல, எங்கள் வீட்டிலும் ஒரு சூட்கேஸ் எப்போதும் ரெடி. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, என் கூறைச்சேலை... எப்போது ஓடச் சொன்னாலும் தூக்கிக்கொண்டு ஓடலாம். பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளே நாலைந்து நப்தலீன் உருண்டை. அது காற்றுப்பட்டால் உருகாமலே நேரே ஆவியாகிவிடும். அந்த வீண்விரயம் இவருக்குப் பொறுக்காது. மிச்ச உருண்டைகளை ஜாம் போத்தலில் போட்டு இறுக்கி மூடி, லேபலும் ஒட்டி வைத்தார்.

லேபலில் என்ன எழுதியிருந்தார்? பூச்சி உருண்டை என்றா? இவராவது! C10H8. அதற்குக் கீழே 80°. அது உருகும் வெப்பநிலையாம்!

எங்களுடையது மேல்மாடி. பகலில் கூரைத் தகடு கொதிக்கும். இரவில் கடல்காற்றில் குளிரும். இரண்டு வருஷமாக உள்ளே ஆவியாவதும் கண்ணாடியில் படிவதுமாக, உருண்டை என்ற உருவமே இல்லை. போத்தல் முழுக்க வெள்ளைச் செதில், பளபளவென்று. நானே ஒரு நிமிஷம் பயந்துபோனேன்.

"சாரிக்குப் போடுறது, பூச்சிக்கு," என்று என் ஓட்டைச் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் லேபலைக் காட்டினார். பூச்சிக்கு எதற்கு இரகசிய நம்பர்? மூடியைத் தொடவேண்டாம் என்று எல்லாரையும் அதட்டினார்.

இவர் வாயைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது.

"இட் இஸ் அன் அரோமற்றிக் ஹைட்ரோகாபன்."

சார்ஜன்ட் நோட்புக்கை எடுத்தார். "பேர்ன்ஸ்?"

"யெஸ். வித் அ சூட்டி ஃபிளேம்."

எரியுமாம், கரும்புகையோடு! பாதி விடை எழுதினால் பாதி மார்க் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தியே பழகிய மனுஷன்.

சார்ஜன்ட் போத்தலை மேசையில் வைத்து, லேபலைப் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு இவரை ஷேர்ட் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். ஐந்து நிமிஷ விசாரணையாம்.

கீழ்மாடியில் இருந்த கிளார்க்கையும் ஐந்து நிமிஷத்துக்குத்தான் கூட்டிப்போனார்கள். மூன்று மாதமாகிறது. அவர் மனைவி இன்றைக்கும் சாப்பாட்டுப் பார்சலோடு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைகிறா.

உள்ளே ஷேர்ட் மாட்டிக்கொண்டே இவர் குரல் கொடுக்கிறார்: "எண்பது உருகுநிலைதான். கொதிநிலை இருநூற்றுப் பதினெட்டு!"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பாய்ந்து போத்தலைத் தூக்கி மூடியைத் திருகினேன். ஒரு துவக்கு என் நெஞ்சுக்கு நேரே நிமிர்ந்தது. கை நிற்கவில்லை. திறந்துவிட்டேன்.

மணம் ஹோலெல்லாம் பரவியது.

முதலில் சிரித்தவர் அந்தப் பெண் பொலிஸ்தான். "கபுரு போல!" பூச்சி உருண்டைக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். அவருடைய அம்மாவின் சாரிப் பெட்டியும் இப்படித்தான் மணக்குமாம். சார்ஜன்ட் குனிந்து மோந்து பார்த்தார். இரண்டு தும்மல். நோட்புக்கை மூடினார். எழுதிய பக்கத்தைக் கிழிக்கவில்லை.

"மாஸ்டர், நெக்ஸ்ட் டைம் ரைட் த நேம்," என்றுவிட்டுப் படியிறங்கினார்.

கதவைச் சாத்தியதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எரியும் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"எரியிறதை எரியாது எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?"

திட்ட வாயெடுத்தவள்தான்... அப்போதுதான் பார்த்தேன். ஷேர்ட்டில் ஒரு பொத்தான்கூடப் போடப்பட்டிருக்கவில்லை. அவ்வளவு நேரமும் உள்ளே நின்று போட்டுப் பார்த்தும் இவருக்கு முடியாமல் போயிருக்கிறது. அடுப்பில் தோசை கரியாகிக் கிடந்தது.

அன்றைக்குப் பின்னேரமே புது லேபல் ஒட்டினார். மூன்று மொழியிலும், கொட்டை எழுத்தில்.

ஆனால், நான் மூடியைத் திரும்பப் போடவில்லை. உருண்டை ஆவியாகிப் போனால் போகட்டும்... ஆள் வீட்டில் இருந்தால் போதும்.