நுரைக்கு அடங்கிய உலை

எங்கள் உலை சாதுவாகிவிட்டது என்று நான் முழுசாக நம்பினேன். அதை அடக்கியவன் நானே என்றும் நம்பினேன். முட்டாள்தனத்தை அரைகுறையாகச் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை.

கஞ்சிக்கோட்டுப் பக்கம், பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் ஆலை. மின்தீ பாயும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் லாரி ஓடுவது போல இரையும். கரண்ட் செலவைக் குறைக்கப் புது முறை கொண்டுவந்தார்கள். உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கசடுக்குள் கரித்தூளையும் ஆக்சிஜனையும் ஊதினால், அது பால்போலப் பொங்கித் தீயை மூடிக்கொள்ளும். சூடு சுவருக்குப் போகாமல் இரும்புக்கே போகும். நுரை பொங்கி நின்றால் உலையின் இரைச்சல் அடங்கும், நுரை அமர்ந்தால் உலை அலறும். எப்போது ஊதுவதென்று உலை மேடையில் நிற்கும் நான் காதால்தான் முடிவு செய்வேன். அதற்காகவே காதடைப்பானைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவேன். என் சட்டைப்பைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

நாளாக ஆக உலை குசுகுசுக்க ஆரம்பித்தது. என் கைராசி என்று எல்லோரிடமும் அளந்தேன்.

ஒருநாள், கிரேன் ஓட்டுகிற மூணாற்றுக்காரர் இறங்கி ஓடிவந்து என் காதுக்குள் கத்தினார்.

"என்னண்ணே, கூரையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி கத்துது! கரியை ஊதாம சிரிச்சுக்கிட்டு நிக்கிறீக?"

"கத்துதா? பூனையாட்டம் கெடக்குது, போப்பா!"

"பூனையா? கேட்டுக்குப் பக்கத்துல இருக்குற டீக்கடைக்காரன் காதைப் பொத்திக்கிட்டு நிக்கான்!"

எட்டிப் பார்த்தேன். நுரை அமர்ந்து, தீ வெட்டவெளியில் ஆடிக்கொண்டிருந்தது. கரியை ஊதிவிட்டு, சாப்பாட்டுத் தூக்குப்போசியையும் எடுத்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினேன். காதருகே கைதட்டினேன். தூக்குப்போசியைக் கரண்டியால் அடித்தேன். இன்னொரு காதுக்கு மாற்றி அடித்தேன். சோறு தெறித்ததுதான் மிச்சம். பின்னாலேயே வந்து வாசலில் நின்ற கிரேன்காரர் எனக்குப் பேய் பிடித்துவிட்டதென்றே நினைத்திருப்பார். காது போனால் மேடை போகும் என்பது ஒன்றுதான் என் பயம்.

பாலக்காட்டில் காது டாக்டரிடம் போனோம், நானும் என் மனைவியும். இடது காது போய்விட்டது, வலதில் பாதிதான் மிச்சம், போனது திரும்பாது என்றார். எப்போதிருந்து இப்படி என்று அவளைக் கேட்டார்.

"எனக்குத் தெரியலீங்க டாக்டர். அடுப்படியில இருந்து கூப்புடுவனுங்க, திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தேன். எம்மேல என்னமோ கோவமாட்ட இருக்குதுன்னு, அப்பறம் பேசறதையே உட்டுட்டனுங்க."

வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அதனால் இதெல்லாம் கேட்டுத் தொலைத்தது. வீட்டில் அவள் சத்தமே இல்லாமல் இருந்ததை, வயதானால் எல்லாரும் அடங்கித்தானே போவார்கள் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மேடையிலிருந்து என்னை லாரி எடைபோடும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அவள்மேல் ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. செவிடாகியிருந்தேன், அவ்வளவுதான்.