ஒரே கன்சோலில் விழுந்த அருவி

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுரண்டையிலிருந்து வந்து, குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுத்தே மேலகரத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்பியவனும் நான்தான். லிஃப்ட் வைத்த கட்டடம். இதைச் சொல்லாமல் உமா மகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல முடியாது. அவள் கம்பெனி என் மூன்றாவது மாடியில் இருக்கிறது. என் மகள் வயது என்பதால் அவள் என்றே எழுதுகிறேன்.

பக்கத்து ஊரான பண்பொழிக்காரி. பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்து, ஆறு பேரை வைத்து வீடியோ கேம் செய்கிறாள். இடம் கேட்டு வந்தபோது சீட்டாட்ட கிளப்போ என்று சந்தேகப்பட்டேன். பார்த்தால் நம்ம குற்றாலத்து அருவி! கூட்டத்தில் இடித்துப் புகுந்து, பாறையில் வழுக்காமல் நின்று, போலீஸ் விசில் ஊதுவதற்குள் தலையை நனைத்துவிட வேண்டும். இதை ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் காசு கொடுத்து ஆடினார்கள்.

ஆனால் அது ஒரே ஒரு கம்பெனியின் கன்சோலில்தான் ஓடும். கன்சோல் என்றால் டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டி. அந்தப் பெட்டியின் கைப்பிடி அதிரும். கேமில் தலையில் தண்ணீர் விழும்போது ஆடுகிறவன் கை நடுங்கும். அந்த நடுக்கத்தை நம்பியே மொத்தக் கேமையும் கட்டியிருந்தாள். அந்தக் கம்பெனியும் தன் இணையக் கடையில் இவள் கேமை முன்வரிசையில் வைத்திருந்தது.

மாசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தப் பெட்டியை இனிச் செய்யமாட்டார்களாம். கடையை வருஷக் கடைசியில் மூடுவார்களாம். புதுப் பெட்டியில் பழைய கேம் ஓடாதாம். வருமானம் வந்த ஒரே வாசல் அது.

"தீபாவளிக்குள்ள வேற வழி அமையலன்னா ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பணும், அண்ணாச்சி" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? எல்லா அருவிக்கரையிலும் எனக்குக் கடை இருப்பதைச் சொல்லி, அதுபோல எல்லாப் பெட்டியிலும் போடச் சொன்னேன்.

"உங்க சிப்ஸ் எங்கன கொண்டுபோனாலும் அதே சிப்ஸுதான். என் கேமை ஒவ்வொரு பெட்டிக்கும் புதுசா வறுக்கணும். ஆறு பேரு எத்தன அடுப்பப் பாப்பாங்க?"

யாருக்கும் மடங்காத நான் அன்றைக்கு அவள் சொன்னதை ஒத்துக்கொண்டேன். வறுக்கிற விஷயம் பாருங்கள், சட்டென்று புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டருக்கு மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். ஆனி மாதம் ஓட ஆரம்பித்தது. சோதித்துப் பார்க்க இசக்கியப்பனை நான்தான் கூட்டிப்போனேன். குற்றாலத்தில் முப்பது வருஷமாக எண்ணெய் தேய்த்து ஆட்களை அருவிக்கு அனுப்புகிறவர். கொஞ்ச நேரம் ஆடிவிட்டுச் சொன்னார்:

"இது அருவி இல்ல தாயி. மாடி டேங்க் நெறஞ்சு வழியுது."

கீபோர்டு எப்படி அதிரும்? நான் வாங்கிப்போன பஜ்ஜியை யாரும் தொடவில்லை. எழுந்து போகும்போது இசக்கியப்பன் இன்னொன்றும் சொன்னார்: "அருவிக்குள்ள போனா நம்ம சத்தமே நமக்குக் கேக்காது. இங்கன எல்லாவன் பேச்சும் கேக்குதே."

ஆறு பேரில் கேமுக்குச் சத்தம் சேர்க்கிற வேல்ராஜ் மறுநாள் விடியற்காலையே மைக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனான். போலீஸ் மறித்தது. ஏட்டையா என் கடை வாடிக்கை. ஒரு போனில் முடித்தேன்.

ஒரு வாரம் கழித்து இசக்கியப்பன் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். கேமில் தலை அருவிக்குள் போனதும் கூட்டத்தின் கூச்சல், விசில் எல்லாம் அமுங்கி, ஒரே இரைச்சல் கனமாக இறங்கியது. மனுஷன் கண்ணை மூடினார். மேஜை விளிம்பைப் பிடித்தார். கழுத்தைத் தாழ்த்தினார். பிறகு காய்ந்த முகத்தை உள்ளங்கையால் வழித்துவிட்டார்.

"இப்பம் விழுது" என்றார்.

ஆவணியில் வெளியானது. தீபாவளிக்கு ஆறு பேரும் வேலையில் இருந்தார்கள்.

கார்த்திகையில் பழைய கன்சோல் கம்பெனி மறுபடி எழுதியது. புதுப் பெட்டிக்கு இந்தக் கேம் வேண்டும், தங்களுக்கு மட்டும் வேண்டும், மறுபடி முன்வரிசை உண்டு. ஒத்துக்கொள்ளலாம் என்றான் வேல்ராஜ்.

"பெட்டிய நிறுத்துறப்ப நம்மகிட்ட ஒரு வார்த்த கேட்டானா, லே?" என்றாள் உமா.

புதுப் பெட்டிக்கும் செய்துதருகிறேன், ஆனால் கம்ப்யூட்டரிலும் விற்பேன் என்று பதில் போட்டாள். பதினோரு நாள் சத்தமே இல்லை. ஏதாவது சாக்குச் சொல்லித் தினமும் மேலே போய்ப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் சம்மதம் வந்தது, முன்வரிசை கிடையாது என்ற நிபந்தனையோடு.

பின்வரிசையே போதும் என்றாள். புதுப் பெட்டி வேலையை மட்டும் பார்க்க ஏழாவது ஆள் தேவை என்று அன்று மாலையே விளம்பரம் எழுத உட்கார்ந்தாள்.