தலை கழற்றிய மட்டை

இச்சிகாவா ஊர்ப் பட்டறை ஒன்றில் கோல்ஃப் மட்டைகளுக்கு வீச்செடை பார்ப்பதுதான் சயோகோவின் பிழைப்பு. மட்டையைத் தராசில் கிடத்தினால், தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று முள் காட்டும். இழுப்பு குறைந்தால் தண்டுக்குள் ஈயத்தூள் போட்டுத் தக்கை வைப்பாள். கூடினால் தலையைத் தேய்க்கக் கொடுப்பாள்.

தேய்த்துக் கொடுத்தவர் அவள் கணவர் கியோஷிதான். பனிக்காலத்தில் வாதம் வந்து அவர் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, கை திரும்பவில்லை.

"நாத்து நடுறதுக்குள்ள ஒரே ஒரு பந்து அடிச்சிட்டாப் போதும் சயோ. நான் இன்னும் மனுஷன்தான்னு தெரிஞ்சுக்குவேன்."

விடிந்ததும் புத்தருக்குச் சோறு வைத்து, "அவர் கையில கொஞ்சம் பலம் போடு சாமி" என்று கும்பிடுவாள். பிறகு பட்டறைக்குப் போய் அவருடைய பழைய மட்டைத் தலையைத் தானே தேய்ப்பாள். சாயங்காலம் அவர் கையில் கொடுத்தால் ஒரே பதில்தான்.

"கனக்குது."

"இன்னும் தேய்ச்சா கரண்டி ஆயிடுமுங்க."

"ஆகட்டுமே. சோறாவது அள்ளலாம்."

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கனம் கனம் என்று ஓயாமல் குறை சொல்லும் வாடிக்கைக்காரர் வந்தால், கைப்பிடிக்குள் பித்தளைக் குண்டு ஒன்றைச் செருகிவிடுவார்கள். பின்பக்கம் தாழ்வதால் தலையின் இழுப்பு குறைந்ததாக முள் காட்டும். மட்டை என்னவோ முன்னைவிடக் கனம்தான். ஆனாலும் முள்ளைப் பார்த்தவர் திருப்தியாகப் போய்விடுவார்.

சயோகோவுக்கு வேறு வழி தெரியவில்லை. அதையே செய்து, தராசையும் வீட்டுக்குத் தூக்கி வந்தாள்.

"பாருங்க, எம்புட்டு இறங்கியிருக்கு!"

கியோஷி முள்ளைப் பார்த்தார். இடக்கையால் மட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏன்டி, உள்ள குண்டு வச்சிருக்கியா?"

"இல்லைங்க..."

"ஊரை ஏய்க்கிற வித்தைய வீட்டுக்கே கொண்டாந்துட்டியே. நான் என்ன ஒசாகாவுலேருந்து வந்த கிராக்கியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சயோகோ "மன்னிச்சிருங்க" என்று தரையில் நெற்றி பதித்தாள். குண்டை உருவினாள். அதோடு நிற்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் தலை ஒட்டியிருக்கும் கழுத்துக்குச் சூடு காட்டி, பசை இளகியதும் தலையையே கழற்றிவிட்டாள். மிஞ்சியது வெறும் தண்டும் பிடியும்தான்.

தண்டு ஆறியதும் அவருடைய வல விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, பிடியைச் சுற்றி வைத்தாள். பிறகு தன் கையை மெல்ல எடுத்தாள்.

தண்டு பாயில் விழுந்தது. சத்தம்கூடக் கேட்கவில்லை.

"கனக்குது" என்றார் கியோஷி. இந்தத் தடவை கேலி எதுவும் பின்னால் வரவில்லை.

மறுநாள் நாற்று நடவுக்காக வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். சயோகோ வழக்கம்போலச் சோறு வைத்துக் கைகூப்பினாள். என்ன கேட்பதென்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.