மெர்வின் முறை

என் அண்ணன் மெர்வ் பாஸ்கோ ஆடுகளுக்கு உரோமம் கத்தரிப்பவன். அவனுக்கு முப்பது வயதிருக்கும்போது ட்ரோவர் பீர் கம்பெனிக்காரர்கள் கேமராவோடு கொட்டகைக்கு வந்தார்கள். ஏற்கெனவே வியர்த்து நின்றவன் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைக்கச் சொன்னார்கள். கிளாஸில் பாதி சோப்பு நுரை. அவனோடு சேர்ந்து கத்தரித்த பூர்வகுடி ஆள் லயனலை மட்டும் கேமராவுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள். “இவன்தான் ஆஸ்திரேலியா” என்று அந்த விளம்பரம் வருஷக்கணக்கில் டிவியில் ஓடியது.

எங்கள் ஊர் பாரில் ஆளுக்கொரு முறை, கூட இருக்கும் எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும். வாங்கித் தந்ததை வேண்டாம் என்பவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். மெர்வுக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் வாங்கித் தந்தான். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக் காட்டு என்றான். இவனும் காட்டினான், பழக்கிய குரங்கு மாதிரி. அவன் முறை வந்தால் மட்டும், நாட்டின் முகம் பையில் கை விடலாமா என்று தடுத்துவிடுவார்கள். ஜீன் அண்ணி பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஈரலும் போனது. இனி ஒரு கிளாஸ் தொட்டாலும் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்த பிறகுதான் நிறுத்தினான். நிறுத்தியதும் வாங்கித் தந்தவர்களில் ஒருவன்கூட வீட்டுப் பக்கம் வரவில்லை.

போன ஆஸ்திரேலியா தினத்தன்று, பார் முதலாளி ட்ரெண்ட் முற்றத்துச் சுவரில் அந்தப் பழைய விளம்பரத்தைப் புதிதாக வரைய வைத்துத் திறப்பு விழா நடத்தினான். பழைய ட்ரோவர் பனியனைப் புதிதாக விலை கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. கம்பெனியே வெளிநாட்டுக்காரன் கைக்குப் போய் மாமாங்கம் ஆகிறது. இவர்களோ, அந்தக் காலத்தில் நாடு நாடாக இருந்தது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மெர்வின் வாந்தியை அலசியவள் நான்.

ட்ரெண்ட் நுரை தளும்பும் கிளாஸை நீட்டினான்.

“ஒரே ஒரு மடக்கு மெர்வ். படம் எடுக்கத்தான். செத்தா போயிடப் போற?”

மெர்வ் அதை வாங்கவில்லை. இன்று தன் முறை என்றான். மொத்தக் கூட்டத்துக்கும் எலுமிச்சை சோடா கொண்டுவரச் சொல்லி, காசையும் முன்னாலேயே வைத்தான். கிளாஸ்கள் மேசை மேசையாக வந்தன.

“நீங்க வாங்கித் தந்தத நான் ஒருநாளும் வேணாம்னு சொன்னதில்ல. இது நான் வாங்கித் தர்றது. குடிங்க.”

வேடிக்கை செய்கிறான் என்று சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஒருவனும் கிளாஸைத் தொடவில்லை.

“விளையாடாத மாப்ள. இன்னிக்குப் போய் இத எவன் குடிப்பான்?” என்றான் ட்ரெண்ட்.

நான் ஒரே மூச்சில் குடித்தேன். தங்கை குடித்தால் கணக்கில் சேராது.

ட்ரெண்ட் மறுபடி பீர் ஊற்றத் தொடங்கினான். சோடாவை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரும் அதை வாங்கிக்கொண்டார்கள். “மெர்வுக்கு!” என்று யாரோ குரல் கொடுக்க, அத்தனை பேரும் சுவரிலிருந்தவனைப் பார்த்துக் கிளாஸை உயர்த்தினார்கள். மெர்வ் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.