கிணற்றுக்குப் புதுக் கயிறு கட்டினேன்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாளாம். எழுதட்டும்.

விற்கப்போகிற வீட்டை, ஆள் பார்க்க வருவதற்கு முன்னால் தயார் பண்ணுவது என் வேலை. வில்லியனூர் புரோக்கர் ஏழுமலை கூப்பிட்டால் போவேன். ஒட்டடை அடிப்பேன், பூட்டிக் கிடந்த வாடை போக சாம்பிராணி போடுவேன், கோலம் போடுவேன். இதற்கெல்லாமா ஒரு ஆள் என்று சிரிக்காதீர்கள். சுவிட்சு போர்டில் பல்லி எச்சத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர்கள் உண்டு. வருகிறவர்கள் முதலில் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனிப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆம்பிளைகள் அண்ணாந்து தளத்தைப் பார்ப்பார்கள். மாமியார் நேரே சமையல்கட்டுக்குப் போவாள். மருமகள் பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்ப்பாள்.

பாகூருக்கும் கடலுக்கும் நடுவில் விஜயா என்கிற பெண்ணின் வீடு. அவள் மகளுக்கு ஏழு வயது, காது கேட்காது. டவுனில் அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஜூனில் திறக்கிறார்கள். அதற்குள் வீடு விற்றால்தான் அங்கே குடிபோக முடியும்.

நல்ல வீடு. கிணற்றுத் தண்ணீர்தான் உப்புக் கரிக்கும். ஏழுமலை மாடித் தொட்டியில் டேங்கர் தண்ணீரை ஏற்றிவிட்டான்.

"கொழாயத் தொறந்துதான் குடிச்சுப் பாப்பாங்க ஆயா. கெணத்தாண்ட யாரு போவப்போறாங்க?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். கை மட்டும் சும்மா இருந்ததா? கிணற்று மேடையைத் தேய்த்துக் கழுவி, புதுக் கயிறு கட்டி, ராட்டினத்துக்கு மஞ்சள் குங்குமமும் வைத்தேன்.

பண்டசோழநல்லூரிலிருந்து பயிர் வைக்கிற ஒரு வீட்டுப் பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா வீட்டுக்குள்ளேயே நுழையவில்லை.

"கெணத்த எவ்ளோ லட்சணமா வெச்சிருக்காங்க பாருடா" என்று தோட்டத்துப் பக்கம் போய் ஒரு வாளி இறைத்துவிட்டார். பிறகு சுருக்குப்பையிலிருந்து ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்தார். "அடுப்பு இருக்குதா? இந்தத் தண்ணியில வேவுதான்னு பாக்கணும்."

ஏழுமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏம்மா, வூடு பாக்க வந்தியா, விருந்துக்கு வந்தியா?"

"ஆக்கித் துன்றவதான் கேப்பா. நீ போயி அப்பிடிக் குந்து."

ஒரு மணி நேரம் கொதித்தது. அந்த அம்மா ஒரு பருப்பை எடுத்து விரலில் நசுக்கினார். நசுங்கவில்லை. "வாடா போலாம்" என்றார், அவ்வளவுதான்.

விஜயாவின் குழந்தை அவளிடம் கையால் ஏதோ கேட்டது. விஜயா இல்லை என்று தலையாட்டினாள். ஏழுமலை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைவிடத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் விஜயா வீட்டுக் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கடலோரத்துப் பனித்திட்டிலிருந்து மீன் விற்க வரும் அஞ்சலை கூடையை இறக்கித் தண்ணீர் கேட்டாள். ஏதோ நினைப்பில் கிணற்றுத் தண்ணீரையே மொண்டு கொடுத்துவிட்டேன். மடமடவென்று குடித்தாள்.

"இன்னா ஆயா, எளநியாட்டம் கீது?"

"உப்புக் கரிக்கலையாடி?"

"இதுவா? எங்க போர் தண்ணியில வாய் கொப்புளிச்சுப் பாரு, அப்பறம் சொல்லு. எங்க அண்ணி வேற கடல் சத்தம் கேக்காத வூடா பாருன்னு உயிர வாங்குது."

உடனே அஞ்சலையின் அண்ணனையும் அண்ணியையும் வரச்சொன்னேன். தொட்டியிலிருந்த டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீரை ஏற்றி, அதிலேயே வஞ்சிர மீன் குழம்பு வைத்தேன். ஏழுமலை வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஆள் வர்ற நேரத்துல மீன் நாத்தமா? உனுக்கு இன்னா ஆச்சு ஆயா?"

"வர்றவங்களுக்கு அது வாசனைடா."

அஞ்சலையின் அண்ணி வந்ததும் நானே சொன்னேன், கிணறு உப்புத் தண்ணீர், பருப்பு வேகாது என்று. அவள் குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். "உப்பு கம்மியா போட்டா ஆச்சு. பருப்பு வேவலைன்னா கேன் தண்ணி ஊத்திட்டுப் போறேன். எங்கூட்ல பருப்பு எவன் துன்றான்?" அப்புறம் அசையாமல் நின்றாள். கடல் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாளாம். கேட்கவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்துச் சரி என்று தலையசைத்தாள்.

இப்போதெல்லாம் விளக்குமாற்றைத் தொடுவதற்கு முன்னால் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கு ஒத்துவராத சங்கதி வீட்டில் இருந்தால் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழுமலைக்கு அது பிடிக்காது. ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுகிறான்.

அன்றைக்கு அஞ்சலை வீட்டார் கிளம்பியதும் விஜயா குழந்தையின் எதிரில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொள்வது போலத் தோளைத் தொட்டுக் காட்டினாள். குழந்தை உடனே ஓடிப்போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. இன்னும் ஒரு மாசம் இருக்கிறது என்று அதற்குப் புரியவைக்கத்தான் பெரும் பாடாகிவிட்டது.