அலுமினியம் குளோரைட்டுக்குத் தண்ணீர் அடிக்கப் போன மேனேஜர்

1

"உப்புக்குத் தண்ணி அடிக்க என்ன பயம்? ஹோஸைத் திற!"

இப்படிக் கத்தியவர் யோகன், எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் ஒரு சின்னப் பிசின் தொழிற்சாலை. நான் அங்கே பதினேழு வருடம் ஓபரேட்டர். ஊரில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தவன், இங்கே வந்து ட்ரம் உருட்டினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று காலை போர்க்லிஃப்ட் முள் ஒரு ட்ரம்மைக் குத்திவிட்டது. உள்ளே இருந்தது நீரில்லாத அலுமினியம் குளோரைட். வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு மண்வெட்டி அளவு தூள் சரக்கு இறக்கும் இடத்தில் கொட்டிக் கிடந்தது. பத்து மணிக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார். யோகன் அதற்காகவே இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்திருந்தார்.

"சார், தண்ணி வேணாம். சேஃப்டி ஷீட்லயே இருக்கு" என்றாள் கயல். திருச்சியிலிருந்து தற்காலிக விசாவில் வந்த கெமிஸ்ட். அவளுடைய நிரந்தர வதிவிடத்துக்கான ஸ்பொன்சர் கடிதம் யோகனின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவளுக்கும் தெரியும், யோகனுக்கும் தெரியும்.

"எனக்குப் படிப்பிக்காதை பிள்ளை. அலுமினியம் உலோகம். குளோரின் அல்லுலோகம். ரெண்டும் சேந்தா உப்பு. குசினியில இருக்கிற உப்பு மாதிரித்தான். அடிச்சுக் கழுவு. ஏலாதெண்டா நானே கழுவுறன். பிறகு கையெழுத்து கையெழுத்தெண்டு என்ர அறைப் பக்கம் வரக்கூடாது."

கயலின் கை ஹோஸைத் தொடவில்லை. நான் மெல்லப் போய்க் குழாயின் கைப்பிடியைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

2

இளம் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். ஒவ்வோர் அணுவுக்கும் இலத்திரன் மேல், அதாவது எலெக்ட்ரோன் மேல், ஓர் ஆசை உண்டு. அந்த ஆசைக்கு ஓர் எண்ணும் உண்டு. நாங்கள் அதை மின்னெதிர்த்தன்மை என்று படித்தோம். புளோரினுக்கு 4.0, குளோரினுக்கு 3.2, சோடியத்துக்கு வெறும் 0.9. இரண்டு அணுக்கள் சேரும்போது ஆசைகளின் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஒன்று மற்றதிடமிருந்து இலத்திரனைப் பறித்துவிடும். அது அயன் பிணைப்பு, கறியுப்பு அப்படித்தான். வித்தியாசம் இல்லாவிட்டால் சரிபாதிப் பங்கீடு. இடையில் இருந்தால் பங்கீடு என்று பெயர், ஆனால் இலத்திரன் ஆசை கூடியவன் பக்கமே சாய்ந்திருக்கும்.

"யோகன், கழிச்சுப் பாரும்" என்றேன். "கறியுப்புக்கு 2.3. இந்தத் தூளில அலுமினியம் 1.6, குளோரின் 3.2. வித்தியாசம் 1.6. பறிக்கிறதுக்கும் பங்கீட்டுக்கும் நடுவில கோடு எங்க கிடக்கு? 1.7-இல. இது கோட்டுக்குக் கீழ. அப்ப இது உப்பில்லை. முடிஞ்சுது."

எனக்கு உள்ளே பெருமையாக இருந்தது. பதினேழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மேனேஜருக்குப் பாடம் எடுக்கிறேன்.

"அங்கிள்," என்றாள் கயல், "ஹைட்ரஜன் புளோரைடுக்கு அதே கணக்கைப் போடுங்களேன்."

போட்டேன். புளோரினின் நாலிலிருந்து ஹைட்ரஜனின் 2.2 போனால் 1.8. கோட்டுக்கு மேலே. என் கணக்குப்படி அது உப்பு. ஆனால் அது உப்பே இல்லை, பங்கீட்டுப் பிணைப்புள்ள வாயு.

"1.7 ஒண்ணும் சுவர் இல்ல அங்கிள். வித்தியாசம் ஏற ஏறப் பறிக்கிற குணம் கூடும், அவ்வளவுதான். இது நடுவுல நிக்கிற கேஸ். உப்பு மாதிரி சும்மா கரையாது. தண்ணியைப் பாத்தா பிச்சுக்கிட்டு ஆசிட் புகையா விடும்."

யோகன் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரு கணக்கு ஒழுங்காத் தெரியேல்லை. குழாய்க் கைப்பிடி எங்க?"

"தாறன்," என்றேன். "முதல்ல லாபில ஒரு சிட்டிகை. ஒரு துளி தண்ணி. உம்மட கையாலேயே விடும்."

3

லாபில் புகை உறிஞ்சும் கண்ணாடிக் கப்போர்ட் இருக்கிறது. கயல் உள்ளே ஒரு கிண்ணத்தில் சிட்டிகைத் தூள் வைத்தாள். கண்ணாடிக் கதவை இறக்கி, கை போகும் அளவுக்கு மட்டும் இடம் விட்டாள்.

"சார், கதவைத் தூக்காதீங்க. முகத்தைக் கிட்ட கொண்டு போகாதீங்க."

அவள் சொன்னதாலேயே அவர் கதவைத் தூக்கினார். முகத்தையும் நீட்டினார். சொட்டுக்குழாயை அழுத்தினார்.

ஒரு சீறல். கிண்ணம் துள்ளியது. வெள்ளைப் புகை கிளம்பியது. பெரும்பகுதியைக் கப்போர்ட் இழுத்துக்கொண்டது, மிச்சம் யோகனுடைய மூக்குக்குப் போனது. "ஐயோ அம்மா" என்று அவர் பாய்ந்த வேகத்தில் கதிரை கவிழ்ந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக, கழுவும் தொட்டிக்குள் தலையை விட்டு இருமினார். ஆபத்து ஒன்றும் இல்லை என்று கயல் பார்த்து உறுதி செய்த பிறகுதான் நான் சிரித்தேன். அதற்கு முன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் ரோலர் கதவை இறக்கினோம், முகக்கவசம் போட்டோம், காய்ந்த மணலைக் கொட்டி, காய்ந்த மண்வெட்டியால் அள்ளி, காய்ந்த ட்ரம்மில் போட்டு மூடினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

பத்து மணிக்கு வந்த வாடிக்கையாளர் மணலைப் பார்த்தார். மேனேஜரின் சிவந்த கண்ணையும் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். யோகன் வாயைத் திறக்கும் முன் கயல் ஆங்கிலத்தில் சொன்னாள்: எங்கள் மேனேஜர் முதலில் சின்ன அளவில் சோதித்துப் பார்த்துத்தான் எங்களை வேலை செய்ய விட்டார். ஒரு சொல் பொய் இல்லை. வாடிக்கையாளர் யோகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மத்தியானம் அவள் கடிதத்தோடு அவர் அறைக்குப் போனாள். நானும் ஏதோ வேலை இருப்பதுபோல் வாசலில் நின்றேன்.

யோகன் பேனையை எடுத்தார், கையெழுத்துப் போட்டார், கடிதத்தை விடவில்லை. "நான் உப்பு எண்டு சொன்னது வெளியில போகக்கூடாது. விளங்குதோ?"

"போகாது சார். சத்தியமா."

நான் கற்றது இதுதான். கழித்தல் கணக்கு எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று காட்டும். தீர்ப்பை ஒரு சிட்டிகையில் சோதித்துத்தான் கேட்க வேண்டும், கதவை இறக்கிவிட்டு.

கயல் இன்றுவரை தன் சத்தியத்தைக் காப்பாற்றுகிறாள். என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.