மஞ்சள் வட்டம்

டங், டங், டங், டப்.

ஜாக்லின் கையை நிறுத்தினாள். கொஞ்சம் பின்னால் போய் மறுபடியும் தட்டிக்கொண்டு வந்தாள். டங், டங், டங். அதே இடம் வந்ததும் டப். காலிப் பானைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகையில், நடுவில் ஒரு பானைக்குள் யாரோ ஈரத் துணியைத் திணித்து வைத்த மாதிரி இருந்தது.

சட்டைப் பையிலிருந்து மஞ்சள் மெழுகுப் பென்சிலை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். கோழி முட்டை அளவு. இறக்கையின் நுனிக்குப் பக்கத்தில், பின் விளிம்பு மெலிந்து போகும் இடத்தில்.

செனாய் விமான நிலையத்தின் ஓரத்தில் இருந்த அந்தக் கொட்டகையில் ஹெலிகாப்டர் மொட்டைத் தலையோடு நின்றது. அதன் மூன்று இறக்கைகளும் கழற்றப்பட்டு, மெத்தை வைத்த தாங்கிகளின் மேல் கிடந்தன. முதல் இரண்டிலும் குறை இல்லை. இது மூன்றாவது. பண்டார் தெங்காராவுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களில் மட்டையைத் தின்னும் புழுவுக்கு மருந்தடிக்கிற ஹெலிகாப்டர். இரண்டு நாளாக மேலே லேசாக நடுங்குகிறது என்று சொல்லி, பைலட் அட்ரியன் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார். மழை வருவதற்குள் மருந்தடித்து முடிக்க வேண்டுமாம். மறுநாளே திரும்பக் கேட்டிருந்தார்கள்.

இறக்கைக்குத் தோல் உண்டு, உள்ளே எலும்பு உண்டு. இரண்டும் ஒட்டியிருந்தால் தட்டும்போது கணீரென்று கேட்கும். ஒட்டு விட்டிருந்தால் சத்தம் செத்துப்போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தட்டித்தான் கேட்க வேண்டும், விரல் அகலத்துக்கு ஒரு தட்டு. அதற்கென்று சின்னச் சுத்தியல் இருக்கிறது. ஜாக்லின் முதல் சுற்றுக்கு, செல்லாமல் போன பழைய ஒரு ரிங்கிட் காசை எடுத்துக்கொள்வாள். இரண்டாம் சுற்றுக்குத்தான் சுத்தியல். காசைத் தளர்வாகப் பிடித்தால் இறக்கை சொல்லும் பதில் விரலுக்கும் வரும் என்பது அவள் கணக்கு.

"ஜெயா, இங்க வாயேன்."

ஜெயக்காந்தன் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தான். அவள் தட்டி முடித்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற இன்ஜினியர். வயதில் பத்துப் பதினைந்து சின்னவன். அவன் வந்து சேர்வதற்குள் பக்கத்தில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கியது. அந்த இரைச்சலில் எதையும் கேட்க முடியாது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கையைத் தூக்கிக் கொட்டகை வாசலுக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த தாங்கிகளில் வைத்தார்கள்.

"எந்த இடம் கா?"

"வட்டத்துக்குள்ளதான். கேளு."

டங்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு தட்டு. டங். வட்டத்துக்கு வெளியே, உள்ளே, ஓரத்தில், எல்லா இடத்திலும் டங்.

ஜெயக்காந்தன் சுத்தியலை வாங்கித் தட்டிப் பார்த்தான். பிறகு மீயொலிக் கருவியை எடுத்து வந்து வட்டத்தின் மேல் வைத்தான். திரையில் கோடு ஆடாமல் ஓடியது.

"சுத்தமா இருக்கு கா."

"கேட்டேனே."

"மத்தியானம் சாப்ட்டீங்களா இல்லயா?" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். "டீ குடிச்சிட்டு வாங்க. அவசரமில்ல லா."

ஜாக்லின் போனாள். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

அவளுக்கு ஊர் லாபிஸ். தாதியாக வேண்டும் என்று நினைத்திருந்தவள். இடம் கிடைத்ததோ விமானப் பராமரிப்புப் படிப்பில். என்னதான் அது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனவள், முதல் வாரமே ஓர் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வர மறந்தாள். இன்றைக்கும் அப்படித்தான். எதையும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விட மாட்டாள். குளிர்சாதனப் பெட்டி, சுவர், புதிதாக ஒட்டிய தரை ஓடு, கடையில் டுரியான், எல்லாவற்றையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். "டுரியானத் தட்டு, வேணாங்கல. தூங்குறவன் மண்டைய எதுக்கு தட்டுற?" என்பான் பெர்னார்ட். பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை பார்க்கும் புருஷன். "உள்ள எதாச்சும் இருக்கானு பாத்தேன்" என்பாள் அவள்.

ஆனால் இந்த ஒரு வருடமாக அவள் தட்டிப் பார்க்காத பொருள் ஒன்று இருந்தது. போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். மாதா கோயிலில் பாடற்குழு இடதுபக்கம் வரும்படி உட்கார்ந்தால் பெண்கள் குரல் மட்டும் தேய்ந்து வந்தது. மைக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை கூலாயில் அவளுக்குக் காதுப் பரிசோதனை. வருடா வருடம் கம்பெனி அனுப்புவதுதான். இந்த வருடம் மட்டும் அந்தத் தேதி அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது. காது போய்விட்டதென்றால் சுத்தியலையும் வைத்துவிட வேண்டியதுதான்.

இல்லாத சத்தத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டேனா என்று யோசித்தாள். அப்படியானால், இருக்கிற சத்தம் எத்தனையைக் கேட்காமல் விட்டிருப்பேன்? அதையே நினைத்துக்கொண்டு நின்றதில் டீ கையில் ஆறிப்போனது.

பிறகு விரல் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் காசு துள்ளவில்லை. ஆற்று மணலில் விழுந்த மாதிரி அமுங்கியது. காது பொய் சொல்லலாம். விரலும் சேர்ந்து பொய் சொல்லுமா?

கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினாள். நேராகப் பழைய தாங்கிகளிடம் போனாள். குனிந்து பார்த்தாள். இரண்டில் ஒன்றின் மெத்தை ஒரு பக்கம் தேய்ந்து அமுங்கிக் கிடந்தது. அதில் வைத்தால் இறக்கை பின் விளிம்புப் பக்கமாகக் கொஞ்சம் சாயும். வாசலில் இருந்த தாங்கிகளின் மெத்தை புதிது. மட்டமாக இருந்தது.

"ஜெயா, இத பழைய எடத்துக்கே தூக்கணும்."

"அலமாக்! திரும்பவுமா?"

"ஒரே தடவ. அந்த மெஷின நிறுத்தச் சொல்லு."

தூக்கி வைத்தார்கள். அவள் காசை அவனிடமே கொடுத்தாள். டங், டங், டங், டப்.

ஜெயக்காந்தன் கையை எடுக்காமல் நின்றான். அவன் பின் விளிம்பின் கீழே உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல உயர்த்த, அவள் தட்டினாள். டங். இறக்கினான். டப். உயர்த்தினான், டங். இருவரும் இதைத் தேவைக்கு அதிகமாகவே செய்து பார்த்தார்கள்.

"உள்ள எதுவோ நடமாடுது கா," என்றான் அவன், பேய்க்கதை சொல்கிறவன் குரலில்.

"நடமாடல. ஓடுது. தண்ணி."

பின் விளிம்பு உள்ளே ஆப்பு மாதிரி குறுகிப் போகும். அந்தப் பக்கம் சாய்ந்தால் தண்ணீர் குறுகிய மூலையில் தேங்கி, மேல்தோலையும் கீழ்த்தோலையும் ஒருசேரத் தொடும். சத்தம் சாகும். மட்டமாக வைத்தால் பரவிப் படுத்துக்கொள்ளும். மேலே தட்டினால் ஒன்றும் தெரியாது.

"ஆனா தண்ணி எப்படி நிக்கும்? நுனியில ஓட்டை இருக்கே."

இருக்க வேண்டும்தான். மழையிலும் கழுவும்போதும் கொஞ்சம் தண்ணீர் எப்படியும் உள்ளே புகுந்துவிடும், அது வெளியே போவதற்கென்றே இறக்கை நுனியில் சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். ஜாக்லின் நுனியைக் கட்டை விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினாள். மருந்துப் பிசுக்குக்கு அடியில் ஒரு நாடாவின் ஓரம் எழும்பியது. சாம்பல் நிற நாடா. இறக்கையும் அதே சாம்பல் நிறம்.

"ஐயாசாமிண்ணே!"

வெளியே பிக்கப் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்த ஐயாசாமி எழுந்து வந்தார். ஹெலிகாப்டர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே மருந்து டாங்கியோடு போகிறவர். கலக்குவது, ஊற்றுவது, மாலையில் கழுவுவது, எல்லாம் அவர். நாடாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயோ. அத எடுக்கலயா நானு?"

"நீங்கதான் ஒட்டுனீங்களா?"

"குளவி மா. தோட்டத்துல நிறுத்துனா ஒரு ராத்திரிதான். விடிஞ்சா எந்த ஓட்டையப் பாத்தாலும் மண்ணு. போன மாசம் ஊசி வச்சி குத்திக் குத்தி எடுத்தேன், கல்லு மாதிரி இருக்கு. அதான் சாங்காலம் ஒட்டிட்டு காலையில எடுத்துருவேன். மூணுலயும் எடுத்தாச்சுனுதான் நெனச்சேன்..." விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறவர் போல மூன்று இறக்கைகளையும் பார்த்தார். "அன்னிக்கு மருந்து லோரி வந்துச்சு. பாதியில ஓடுனேன். அதுக்கப்புறம் நாடா தீந்துபோச்சு, ஒட்டவே இல்ல."

"எத்தன நாளா?"

"மூணு நாளு இருக்கும் மா. டெய்லி பைப்பு வச்சி கழுவுறேன் வேற."

ஜெயக்காந்தன் நாடாவின் ஓரத்தைப் பிடித்தான். ஜாக்லின் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு. இப்ப எடுக்காத."

"ஏன் கா?"

அவளுக்கே அந்த யோசனை அப்போதுதான் வந்திருந்தது. மந்தச் சத்தம் இருக்கிற இடம் என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்த இடம் இந்த உலகத்தில் இந்த நிமிடம் இது ஒன்றுதான். தண்ணீர் போய்விட்டால் அதுவும் போய்விடும். இன்றைக்குக் கேட்டுப் பார்க்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது.

"நான் திரும்பி நின்னுக்கறேன். நீ தட்டிக்கிட்டே வா. வட்டம் வந்ததும் நான் சொல்றேன்."

அவள் முதுகைக் காட்டி நின்று, இடது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். டங், டங், டங், டப். "இங்க." சரி. இன்னொரு தடவை. "இங்க." சரி.

இப்போது வலது காதை மூடினாள்.

ஐயாசாமி ஜெயக்காந்தனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "என்னா தம்பி, கண்ணாமூச்சியா?"

"சும்மா இருங்கண்ணே."

தட்டும் ஓசை வந்தது. தூரத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எல்லாம் ஒரே மாதிரி. அவள் காத்திருந்தாள்.

"ஆரம்பிச்சிட்டியா இல்லயா?"

ஜெயக்காந்தன் தட்டுவதை நிறுத்தினான்.

"வட்டத்த ரெண்டு தடவ தாண்டிட்டேன் கா."

அவள் கையை இறக்கினாள். கொட்டகையின் சத்தமெல்லாம் வலது பக்கமாக உள்ளே வந்தது. இவ்வளவு நாளும் அப்படித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பயம் இருந்தது. அதற்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. காதுக்குள்ளே எந்த இடத்தில், எது ஒட்டு விட்டுப் போனது என்று பார்க்க வேண்டும் போல இருந்தது.

"இடது காது போச்சு ஜெயா. முழுசா இல்ல. கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் மட்டும்."

"நாளைக்குத்தானே டெஸ்டு?"

"ஆமா. அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முந்தி நானே சொல்லிருவேன். இப்ப நாடாவ எடு."

அவன் நாடாவை உரித்தான். முதலில் ஒன்றும் வரவில்லை. நுனியைத் தாழ்த்தினார்கள். சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு நூலாக இறங்கியது. ஜாக்லின் டப்பா மூடி ஒன்றை ஏந்திப் பிடித்தாள். மருந்து வாடை அடித்தது. மூடி நிறையக்கூட இல்லை.

"இவ்ளோதானா?" என்றார் ஐயாசாமி, உயிர் வந்தவர் போல.

"இவ்ளோதான்," என்றான் ஜெயக்காந்தன். "மூணு கரண்டி தண்ணி. மேல சுத்தும்போது அரிசி மூட்ட கணக்கா இழுக்கும். ஒரு எறக்கையில மட்டும்."

ஐயாசாமி தொப்பியைப் போட்டார், மறுபடி கழற்றினார். "நாந்தான் மா பைலட்டு பக்கத்துல ஒக்காந்து திரும்பி வருவேன், கடைசி ட்ரிப்புல. ரெண்டு நாளா ஆடுது ஆடுதுன்னு சொன்னவனே நாந்தான்."

ஜாக்லின் மூடியில் இருந்த தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் மண் பொடி மாதிரி எதுவோ கிடந்தது. விரலால் தொட்டு நசுக்கினாள்.

"அண்ணே, அந்தக் குளவி மண்ணுல எச்சில கலக்குதா? மண்ணு மட்டும்னா தண்ணி பட்டதும் கரையணுமே."

"அதெல்லாம் நான் எங்க மா பாத்தேன்?"

"அடுத்த தடவ ஒரு கூட்ட ஒடைக்காம எடுத்துட்டு வாங்க. பாக்கணும்."

"ஹெலிகாப்டரு?"

"நாளைக்குப் போகாது. எறக்கைக்கு உள்ள காயணும், திரும்ப முழுசா தட்டணும், எட போடணும். அட்ரியன்கிட்ட நான் பேசறேன். நாடா கதைய நீங்களே சொல்லிருங்க. அதுதான் நல்லாருக்கும்."

ஐயாசாமி தலையாட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, மற்ற இரண்டு இறக்கைகளின் நுனியையும் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மழை பெய்தது. பெர்னார்ட் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து அவளைக் கூலாய்க்குக் கூட்டிப்போனான். பரிசோதனை அறையில் உட்காரும் முன்பே ஜாக்லின் இடது காதைப் பற்றிச் சொன்னாள். பரிசோதித்த பெண்ணும் அதையே சொன்னாள். வலது காதில் குறை இல்லை. உள்ளே எந்த இடம் என்று ஜாக்லின் கேட்டாள். அந்தப் பெண் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தில் நத்தை ஓடு போல இருந்த ஓர் இடத்தைக் காட்டினாள். மத்தியானம் கொட்டகையில், இனி அவள் தனியாகத் தட்டக் கூடாது, கூட ஒருவர் நின்று கேட்க வேண்டும் என்று முடிவானது. மூன்றாவது இறக்கை நுனி தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் வட்டத்தை யாரும் அழிக்கவில்லை. ஐயாசாமி சிவப்புத் துணி வால் கட்டிய மூன்று ரப்பர் அடைப்பான்களை வாங்கி வந்து ஓட்டைக்கு அளவு பார்த்தார். இரண்டு சரியாக இருந்தன. ஒன்று பெரிதாக இருந்ததால் மாற்றி வரப் போனார். சாயங்காலம் வரைக்கும் மழை விடவில்லை.